மரநாய்க்கு ஒரு கேமரா, அப்பாவுக்கு ஒரு கேமரா

1

இந்த வருடமும் பாஸ் புதுப்பித்தாயிற்று. திருச்சியிலிருந்து கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தவள் நான். கல்யாண நாள்கூடச் சில வருடம் மறந்துபோகும், பாஸ் முடிகிற நாள் மறக்காது. மலேசியக் குடிமகன் ஒருவரின் மனைவி என்பதால் இங்கே தங்கக் கொடுக்கிற அனுமதி அது. அதை நீட்டிக்கக் கணவரும் கூடவே வந்து உட்கார வேண்டும். ஸ்டீபன் துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்குப் பார்க்கிறவர், அவருக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. வரிசையில் காத்திருக்கும்போது அதை வைத்தே ஒரு சண்டை வரும். எங்கள் நம்பர் வந்ததும் இரண்டு பேரும் சிரித்த முகமாகக் கவுண்டருக்குப் போவோம். இன்னும் சேர்ந்துதான் இருக்கிறீர்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்று ஒரே குரலில் சொல்லுவோம். வருடத்தில் நாங்கள் ஒரே குரலில் பேசுவது அந்த ஒரு தடவைதான்.

நிரந்தரவாசம் கேட்டுப் போட்ட விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறதாம். மகன் ஜோயல் தவழ்ந்துகொண்டிருந்தபோது போட்டது. அவன் இப்போது ஐந்தாம் படிவம், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதப் போகிறான்.

அன்றைக்குக் கவுண்டரிலிருந்து வீட்டுக்கு வந்து பின்கதவைத் திறந்தால், பழுக்க ஆரம்பித்திருந்த வாழைத்தாரில் கீழ்ச்சீப்பு இரண்டும் வெறும் தோலாகத் தொங்கிக்கொண்டிருந்தன. எங்கள் வீடு வரிசையின் கடைசி வீடு. இங்கே கார்னர் லாட் என்பார்கள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் மண் அதிகம். அதில் வாழை, பப்பாளி, முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் நான் வைத்தவை. அவற்றை வைக்க எனக்கு எந்தப் பாஸும் தேவைப்படவில்லை.

ஸ்டீபன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மூசாங் லா, வேற என்ன," என்று சொல்லிவிட்டு உடை மாற்றப் போய்விட்டார். மூசாங் என்றால் நம் ஊர் மரநாய். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி, தன் வீட்டில் கம்பிக்கூண்டு இருக்கிறது, வைத்துப் பிடித்துவிடலாம் என்றார். ஜோயல்தான் குறுக்கே வந்தான்.

"என்ன வருதுன்னே தெரியாம எதுக்குமா பிடிக்கிறீங்க? ட்ரெயில் கேமரா ஒண்ணு வாங்குவோம். முதல்ல பார்ப்போம்."

அவன் என்னோடு சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று சொல்லி வெகுகாலமாகிவிட்டது. பேசுவதே பாதி ஆங்கிலம், மீதி மலாய், அதிலும் பெரும்பகுதி அறைக்கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. வாழைப்பழம் போனால் போகிறது என்று உடனே சரி என்றேன்.

2

ட்ரெயில் கேமரா என்பது கைக்கடக்கமான ஒரு பெட்டி. வாரைப் போட்டு மரத்தில் கட்டிவிட்டால் அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருக்கும். எதிரே சூடான உடம்பு ஏதாவது அசைந்தால் விழித்துக்கொண்டு படம் எடுத்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். உங்கள் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை மாதிரி என்று ஜோயலிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை கொமுட்டர் ரயில் பிடித்து கோலாலம்பூரில் கேஎல் சென்ட்ரலில் இறங்கினோம். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு முடித்துவிட்டு, ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் இருந்த கேமராக் கடைக்குப் போனோம். ஜோயல் அந்தச் சீனக் கடைக்காரரை பாஸ், பாஸ் என்று கூப்பிட, அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். என் மலாய் பாசார் மலாய்தான், மீன் வாங்கப் போதும். ஆனாலும் அவர் சொன்னதெல்லாம் புரிந்தது.

ஒரு கேமரா வாங்க இவ்வளவு யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எத்தனை நொடியில் விழித்துக்கொள்ளும் என்று பார்க்க வேண்டுமாம். மெதுவாக விழிக்கிற கேமரா வாலை மட்டும்தான் படம் பிடிக்கும். நம் சீதோஷ்ணத்தில் இன்னொரு தொல்லை. காற்றே உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், எது உடம்பு எது காற்று என்று அதற்குத் தெரியாமல் போய்விடும். மழைக்கு மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று போட வேண்டும், பேட்டரி மலிவானது போட்டால் வாரத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். எங்கள் தோட்டம் சின்னது என்பதால் கிட்டத்தில் இருப்பதையும் தெளிவாகக் காட்டுகிற மாதிரி வேண்டும் என்றார். தூரத்து யானையைப் பளிச்சென்று காட்டிவிட்டுக் காலடியில் இருப்பதை மங்கலாக்குகிற கேமராக்களும் உண்டாம்.

அப்புறம் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் நான்தான் பதில் சொன்னேன், ஜோயலுக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

முதல் கேள்வி, விளக்கு. இருட்டில் படம் எடுக்க எல்லாக் கேமராவும் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும் என்றாலும், ஒரு ரகத்தில் முகப்பில் சிவப்புப் புள்ளிகள் லேசாகக் கனன்றுகொண்டிருப்பது தெரியும். படம் நன்றாக வரும். இன்னொரு ரகத்தில் ஒன்றுமே தெரியாது, ஆனால் படம் கொஞ்சம் இருட்டு, தூரமும் குறைவு. ஜோயல் நல்ல படம் வருவதைக் கேட்டான். கடைக்காரர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சில மிருகம் சிவப்பைக் கண்டுகொள்ளாது, சிலது நின்று முறைக்கும், சிலது அந்தப் பக்கமே வராது. "கேமரா இருக்குனு தெரிஞ்சுட்டா அது வேற மாதிரி நடக்கும். அப்புறம் நீங்க பார்க்கிறது அதை இல்ல," என்றார். ஜோயல் அதை எனக்குத் தமிழில் சொன்னான். எனக்கு முதல் தடவையே நன்றாகப் புரிந்திருந்தது. தெரியாத விளக்கையே கொடுங்கள் என்றேன்.

இரண்டாவது, சிம் போட்டதா, கார்டு போட்டதா. சிம் போட்டால் மிருகம் வந்த அந்த நிமிடமே படம் போனுக்கு வந்துவிடும். கார்டு என்றால் காலையில் போய் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தக் காலத்தில் யாராவது கார்டு வாங்குவார்களா என்பது ஜோயலின் கட்சி. கட்டிலில் படுத்தபடியே பார்க்கலாமே என்றான்.

"வேணாம்டா. என் போன்ல ஒண்ணு இருக்கு. அதுவே போதும்."

எதைச் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரியும்.

3

என் போனில் இருப்பது அப்பா.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபிறகு திருச்சி வீட்டில் தனியாக இருக்கிறார். காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போக ஒரு அம்மா வருவார். ஒரு தடவை இங்கே வந்து தங்கிப் பார்த்தார். விசிட் பாஸ் முடியும் முன்பே, ஞாயிறு பூசையைத் தவிர வெளியே போக ஒரு இடமில்லை, என்னை அனுப்பிவிடு என்றார். தம்பி அருள் ஹைதராபாத்தில். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்ட பிறகு, அருள் போய்க் கூடத்து மூலையில் ஒரு கேமராவை மாட்டிவிட்டு வந்தான். அதில் பேசவும் முடியும்.

ஆரம்பத்தில் அது ஒரு வரமாகத்தான் இருந்தது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அப்பா பேப்பர் படிப்பதைப் பார்ப்பேன். ஒருநாள் கேமரா வழியாகவே "பசியாறிட்டீங்களாப்பா" என்று கேட்டுவிட்டேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். அப்பா திடுக்கிட்டுச் சுவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சாப்பிட்டீங்களான்னு கேளும்மா, பசியாறுறதுன்னா அன்னதானப் பந்தியில உக்காந்த மாதிரி இருக்கு என்றார். அதன்பிறகு நான் அப்படிக் கேட்பதையே எதிர்பார்த்துச் சிரிப்பார்.

அப்புறம் கத்திரி வெயில் வந்தது. ஒரு மத்தியானம் போனைத் திறந்தால் அப்பா தரையில் கிடக்கிறார். சட்டையில்லை. முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது, ஒரு கை நீட்டியபடி இருக்கிறது. கேமராவில் கூப்பிட்டேன், அசையவில்லை. போன் அடித்தேன், அது நாற்காலிமேல் கிடந்து அடிப்பது எனக்கே கேட்டது. அதற்குள் படம் உறைந்துவிட்டது. உறைந்த படத்தில் அப்பாவின் மூச்சும் உறைந்துதானே இருக்கும். அங்கே பக்கத்து வீட்டு செல்வராஜ் அண்ணன் மனைவியைப் போனில் கூப்பிட்டு அழுதேன். அவர் தெருவையே கூட்டிவிட்டார். பின்கதவின் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

படம் மறுபடி ஓட ஆரம்பித்தபோது கூடம் நிறைய ஆட்கள். நடுவில் அப்பா எழுந்து உட்கார்ந்து, அவிழ்ந்த வேட்டியை இழுத்துச் சொருகிக்கொண்டிருந்தார். காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்து, அந்தக் குளிர்ச்சியில் தூங்கியிருக்கிறார். அவ்வளவுதான்.

இதை எழுதும்போதே கூசுகிறது. வெயில் காலத்தில் தரையில் தண்ணீர் தெளித்து வெறும் தரையில் படுப்பது எங்கள் வீட்டு வழக்கம். பள்ளி விடுமுறை முழுக்க நானும் அருளும் அப்பாவுக்கு இரண்டு பக்கமும் அப்படித்தான் கிடப்போம். அம்மா தாண்டித் தாண்டிப் போவாள். உங்களில் யார் அந்தப் படத்தைப் பார்த்திருந்தாலும், பெரியவர் நன்றாகத் தூங்குகிறார் என்றுதான் நினைத்திருப்பீர்கள். எனக்கு மட்டும் தரையில் கிடந்தால் விழுந்ததாகத்தான் தோன்றியது. அந்த ஊர்க்காரியாக இருந்ததில் எதை எதை இழந்திருக்கிறேனோ தெரியாது. இதை இழந்தேன் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை. மறுநாளிலிருந்து சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தார். அந்த வெயிலில், வீட்டுக்குள்ளே, மேல் பொத்தான்வரை போட்ட சட்டை. தரையில் படுப்பதை விட்டுவிட்டார். கேமரா தெரிகிற இடத்தில் கொட்டாவிகூட விடுவதில்லை. படுத்துக்குங்கப்பா என்று சொன்னால், தூக்கம் வரலம்மா என்பார். ராத்திரி அந்த மூலையில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக எரிகிறது, கண்ணை மூடினாலும் தெரிகிறது என்று ஒருமுறை மட்டும் சொன்னார்.

கேமராவைக் கழற்றிவிடலாமா என்று அருளிடம் கேட்டேன். அவன் சண்டைக்காரன் இல்லை, நிதானமாகத்தான் பேசினான்.

"கழட்டிடலாம்க்கா. நாளைக்கு நெசமாவே விழுந்து கெடந்தா யாரு பாக்குறது? நீ வருவியா, நான் வருவேனா?"

கேமரா கூடத்து மூலையிலேயே இருந்தது.

4

தோட்டத்துக் கேமராவை முருங்கை மரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கட்டினோம். முதல் வாரம் அது எடுத்ததெல்லாம் ஸ்டீபனின் கைலி. கொடியில் வெயிலில் சூடேறிய துணி காற்றில் ஆட ஆட, விழித்து விழித்துப் படமெடுத்திருக்கிறது. கார்டு முழுக்கக் கட்டம் போட்ட கைலி. அப்புறம் சீன ஆன்டியின் பூனை, ஒரு எலி, வாழையிலை. லென்ஸ் உள்ளே ஈரம் கோத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வெறும் பனி. ஜோயல் இணையத்தில் படித்துப் படித்துக் கேமராவை இடம் மாற்றினான், சாய்த்தான், கொடியை இந்தப் பக்கம் கட்டச் சொன்னான். அந்த நாட்களில் அவன் அறைக்கதவு திறந்தே இருந்தது. எனக்கு மூசாங் வராவிட்டாலும் பரவாயில்லை என்றிருந்தது.

ஆனால் வந்தது. சுவர்மேல் நடந்து வந்து வாழையில் இறங்கியது. நீண்ட வால், முகத்தில் முகமூடி போட்ட மாதிரி கறுப்பு. ஜோயல் கத்திய கத்தில் ஸ்டீபனே எழுந்து வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, நான்தான் முதலிலேயே சொன்னேனே என்றார். வீடியோவைச் சீன ஆன்டியிடம் காட்டினோம். அழகாக இருக்கிறதே என்று கூண்டை மறந்துவிட்டார்.

அதோடு ஜோயலுக்கு முடிந்தது. என்ன வருகிறது என்று தெரிந்துவிட்டது, அப்புறம் என்ன இருக்கிறது பார்க்க? பரீட்சை, நண்பர்கள், டியூஷன். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. பழைய குருடி கதவைத் திறடி என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், இங்கே திறக்கக்கூட இல்லை.

இப்போது கார்டை எடுத்துப் பார்ப்பது நான் மட்டும்தான். காலையில் ஸ்டீபனும் ஜோயலும் கிளம்பிப் போனதும் கோப்பியோடு உட்காருவேன். மூசாங் தனக்குத் தோன்றியதைச் செய்கிறது. பழத்தைப் பாதி தின்று கீழே போடுகிறது. உட்கார்ந்து வயிற்றைச் சொறிகிறது. ஒருநாள் சுவர்மேலேயே கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெகுநேரம் படுத்துக் கிடந்தது. தன்னை ஒருத்தி பார்ப்பாள் என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு அழுகை வந்தது. பொன்மலையில் வேலை முடிந்து வந்த மனிதர் கூடத்தில் இப்படித்தான் கிடப்பார்.

அப்பாவை நான் பார்ப்பது குறைந்துகொண்டே வந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. போனைத் திறந்தால் போட்டோ ஸ்டூடியோவில் உட்கார்ந்த மாதிரி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். என்னால்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறார். மூடிவிடுவேன். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்தேன், அப்புறம் ஞாயிறு மட்டும். அப்புறம் ஞாயிறும் எப்படியோ தவறிப்போயிற்று. போன் மட்டும் நாள் தவறாமல் செய்வேன். போனில் குரல்தானே, குரலுக்குச் சட்டை தெரியாது.

ஜோயலின் பரீட்சை முடிந்தால் ஊருக்குப் போகலாம். போய் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. சில வாரம் இருந்துவிட்டு வருவேன், கேமரா அங்கேயே இருக்கும்.

5

போன வாரம் அப்பாவிடம் மூசாங் கதை முழுவதும் சொன்னேன். கைலி விஷயத்தைக் கேட்டு நன்றாகச் சிரித்தார். பணிமனைக்காரர் அல்லவா, எப்படி விழித்துக்கொள்கிறது, என்ன பேட்டரி என்றெல்லாம் விசாரித்தார். விளக்கு கண்ணுக்குத் தெரியாத ரகம் ஒன்று இருக்கிறது, இருப்பதே தெரியாது, தோட்டத்தில் அதைத்தான் கட்டியிருக்கிறோம் என்றேன். சொல்லும்போதே எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. உங்களுக்கும் அந்த மாதிரி மாற்றச் சொல்லவா, ராத்திரி சிவப்பு தெரியாது, கேமரா இருக்கிற நினைப்பே வராது, நிம்மதியாகத் தரையில் படுக்கலாம் என்றேன். இவ்வளவு நாள் இது தோன்றவில்லையே என்று எனக்கு என்மேலேயே எரிச்சல்.



"அது வேணாம்மா," என்றார் அப்பா. "வேற ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இதுல முன்னாடி ஒரு வெளக்கு எப்பப் பாத்தாலும் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. நீ பாக்குறியா இல்லையான்னு எனக்குத் தெரியல. பாக்குறியோன்னு நெனச்சு நாள் முச்சூடும் அப்பிடியே உக்காந்திருக்கேன். நீ பாக்குறப்ப மட்டும் எரியற மாதிரி ஒண்ணு கெடைக்குமா?"

எதற்குப்பா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அந்த நேரத்துக்கு வந்து உக்காந்துக்குவேன்ல. நீ பாக்குறப்ப நான் இல்லாம போயிடக் கூடாது பாரு."

தேடிப் பார்க்கிறேன்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தது தெருவுக்கு முன்னால் பட்ட வெட்கத்தால் என்று நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காக உட்கார்ந்திருக்கிறார். நான் பார்க்காத நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்.

ஜோயலின் கதவைத் தட்டினேன். இப்படி ஒரு கேமரா உலகத்தில் இருக்காது, இல்லை என்று சொல்லிவிட்டால் அப்பாவிடம் அதையே சொல்லிவிடலாம் என்றுதான் தட்டினேன். அவன் போனைத் தடவி ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

"இருக்குமா. நாம ஓப்பன் பண்ணிப் பார்த்தா அங்க லைட் மின்னும். மூடினா நின்னுடும். விலைகூட அதிகம் இல்ல. மாமாக்கு லிங்க் அனுப்பிடவா?"

நான் கதவருகிலேயே நின்றேன். விளக்கு மின்னினால் நான் பார்க்கிறேன் என்று அப்பாவுக்குத் தெரியும். மின்னாவிட்டால், பார்க்கவில்லை என்பதும் தெரியும். நாள் முழுக்க அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இப்போதாவது, எந்நேரமும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் நம்பலாம்.

"அனுப்பவா, வேணாமாம்மா?" என்றான் ஜோயல் மறுபடியும். இப்ப வேண்டாம், அப்புறம் சொல்கிறேன் என்றேன். சரி லா என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் போன் செய்தபோது, சாப்பாடு, மருந்து எல்லாம் பேசி முடித்தபிறகு அப்பா மெல்லக் கேட்டார்.

"அது கெடச்சுதாம்மா?"

"தேடிக்கிட்டிருக்கேன்ப்பா. கிடைக்கிறது கஷ்டம் போல."

"பரவால்ல, மெதுவாப் பாரு," என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."